ஒரே ஒரு புள்ளி! ஜார்ஜியா டெக் 1990



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து "நீ ஒரு கட்டுரை கொடுத்தே ஆகணும்" என்றபோது, பவர் எலெக்ட்ரானிக்ஸ் பற்றி நாலு பக்கம் எழுதித் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். "டேய், அதை உன் வீட்டிலேயே யாரும் படிக்க மாட்டாங்க. வேற ஏதாவது எழுது" என்று பதில் வந்தது. சரி, வேறு என்ன தெரியும் நமக்கு? யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியது. ஒரு கல்லூரி ஃபுட்பால் டீமின் ஒரு சீசன். அது நடந்தபோது நான் கைக்குழந்தை. அந்த மைதானம் இருப்பது அட்லாண்டாவில். ஆனாலும் அந்த சீசனின் ஒவ்வொரு ஸ்கோரும் எனக்கு மனப்பாடம். செமஸ்டர் பரீட்சைக்கு இப்படி மனப்பாடம் செய்திருந்தால் டிஸ்டிங்ஷனே வாங்கியிருக்கலாம்!

ஃபுட்பால் என்றதும் நம்ம ஹாஸ்டல் பின்னாடி செம்மண் மைதானத்தில், வெறுங்காலோடு, செருப்பை கோல் போஸ்ட்டாக வைத்து ஆடினோமே, அது என்று நினைத்துவிட வேண்டாம். இது அமெரிக்க ஃபுட்பால். முட்டை மாதிரி நீண்ட பந்து; காலால் உதைப்பது அபூர்வம், கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். நானும் முதல் தடவை பார்த்தபோது "என்னடா இது, சந்தையில மாடு முட்டிக்கிற மாதிரி இருக்கு" என்றுதான் நினைத்தேன்.

விதிகளை ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஒரு தகராறு புரிய இது அவசியம். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். நாலுக்குள் 10 கஜம் கடந்தால் மறுபடி புதிதாக நாலு. கடக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு உதைத்துப் போட்டால் இன்னும் 1. அவ்வளவு தூரம் போக முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓர் எஞ்சினீயரிங் காலேஜின் கதை

ஜார்ஜியா டெக் 1885-ல் ஸ்தாபிக்கப்பட்டு 1888-ல் வகுப்புகள் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. உள்நாட்டுப் போரில் எரிந்துபோன தெற்குப் பகுதிக்கு விவசாயம் மட்டும் போதாது, ஒர்க் ஷாப்பும் மெஷினும் வேண்டும் என்று ஆரம்பித்தது. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் கால்குலஸிலிருந்து தப்ப முடியாது. ஃபுட்பால் ஆட வந்த பையனுக்கும் அதே கதிதான். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் சுலபமான காலேஜாகப் பார்த்துப் போய்விடுவார்கள் என்று அங்கே ஒரு நிரந்தரப் புலம்பல் உண்டு.

இவர்களுடைய குறும்புக்கும் பஞ்சமில்லை. 1927-ல் ஒரு மாணவருக்குத் தவறுதலாக இரண்டு சேர்க்கைப் படிவம் வந்துவிட்டது. இரண்டாவதை ஜார்ஜ் பி. பர்டெல் என்ற கற்பனைப் பெயரில் நிரப்பி அனுப்பிவிட்டார். அதோடு விடாமல் அவன் பெயரில் ஹோம்வொர்க் எழுதி, பரீட்சை எழுதி, டிகிரியும் வாங்கிக் கொடுத்தார்கள்! இல்லாத அந்த மனுஷன் இன்றுவரை அந்தக் காலேஜின் செல்லப்பிள்ளை. நம்ம ஹாஸ்டலில் ப்ராக்ஸி கொடுத்தவர்கள் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

ஃபுட்பாலிலும் பழைய பெருமை உண்டு. 1904 முதல் 1919 வரை கோச்சாக இருந்தவர் ஜான் ஹைஸ்மன். இன்று ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1916 அக்டோபர் 7 அன்று கம்பர்லேண்ட் என்ற சின்னக் கல்லூரியை 222-0 என்று அடித்தது இவருடைய டீம். அச்சுப்பிழை இல்லை, இருநூற்று இருபத்திரண்டு! 1929 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ் திசை மறந்து தன் கோல் பக்கமே 60 கஜத்துக்கு மேல் ஓடினார். சொந்த டீம்காரரே துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் 8-7 என்று ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். இந்த 'ஒரே ஒரு புள்ளி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

பிறகு பாபி டாட் என்ற கோச் 1945 முதல் 1966 வரை. 1952-ல் ஆடிய 12 ஆட்டமும் வெற்றி. அதுதான் உச்சம். 1964-ல், தான் இருந்த பெரிய லீக்கை விட்டு டெக் வெளியே வந்தது. டாட் ஓய்வு பெற்ற பிறகு மெல்ல மெல்ல இறங்குமுகம். 1983-லிருந்து அட்லாண்டிக் கோஸ்ட் லீக்கில் ஆடத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இந்த லீக்குக்குப் பேர் வாங்கித் தந்தது பாஸ்கெட்பால்தான்.

தோற்ற வருஷங்கள்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் நம்ம காலேஜ் சீனியர் ஒருவர். 1988-ல் இங்கே முடித்து, 1989-ல் அங்கே எம்.எஸ். படிக்கப் போனவர். "என் பேரெல்லாம் போடாதே தம்பி" என்று சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நான் 2014-ல் அட்லாண்டா போய் இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய், ரசம் சாதம் போட்டவர்.

அண்ணன் கதையை 1990-ல் ஆரம்பிக்க மாட்டார். 1987-ல்தான் ஆரம்பிப்பார்.

அந்த வருஷம் பாபி ராஸ் கோச்சாக வந்தார். மேரிலேண்ட் அணியை நன்றாக நடத்தியவர். வந்த வருஷம் 2 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருஷம் 1988-ல் 3 வெற்றி, 8 தோல்வி. இரண்டு வருஷமும் சொந்த லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. இப்படி ஒரு கோச் நம்ம ஊரில் இருந்தால் மாலை மரியாதையோடு அனுப்பி வைத்திருப்போம். அங்கே அனுப்பவில்லை.

1989-லும் முதல் மூன்று ஆட்டம் தோல்வி. "நான் போய் இறங்கின நேரமே சரியில்லைன்னு நெனச்சேன்" என்பார் அண்ணன். ஆனால் அதற்குப் பிறகு நடந்த எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி. மொத்தம் 7-4. ஷான் ஜோன்ஸ் என்ற சின்னப் பையன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது என்று நடத்துகிறவன். ஏதோ மாறுகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. எவ்வளவு மாறப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. 1990 சீசனுக்கு முன் வந்த தரவரிசையில் முதல் 25-ல்கூட டெக் இல்லை.

1990: வாரம் ஒரு பரீட்சை

அந்த இலையுதிர் காலத்தில் உலகமே பரபரப்பாக இருந்தது. ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்திருந்தது. இங்கே மண்டல் கமிஷன் கலவரம். செப்டம்பர் 18 அன்று 1996 ஒலிம்பிக்ஸ் அட்லாண்டாவுக்குக் கிடைத்தது. ஊரே தெருவுக்கு வந்து கொண்டாடியது. ஒலிம்பிக் வீரர்கள் தங்கும் கிராமம் பிற்பாடு அமைந்தது ஜார்ஜியா டெக் வளாகத்தில்தான்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே டீம் சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. முதலில் நார்த் கரோலினா ஸ்டேட், 21-13. அப்புறம் சட்டனூகா, 44-9. சவுத் கரோலினா, 27-6. மேரிலேண்ட், 31-3. நாலுக்கு நாலு.

அக்டோபர் 13. கிளெம்சன் அட்லாண்டாவுக்கு வந்தது. பலமான டீம். அண்ணன் ஸ்டூடண்ட் டிக்கெட்டில் போய் உட்கார்ந்திருந்தார். கிளெம்சன் திரும்பத் திரும்ப கோல் கோட்டுப் பக்கம் வந்தது. திரும்பத் திரும்ப மூன்று புள்ளியோடு திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கிளெம்சன் 60 கஜத்திலிருந்து ஒரு உதை உதைத்துப் பார்த்தது. போகவில்லை. 21-19. "அன்னைக்கு என் தொண்டை போனது போனதுதான். திங்கக்கிழமை புரொஃபசர் கேள்வி கேட்டா சைகையிலதான் பதில் சொன்னேன்."

அடுத்த வாரம், அக்டோபர் 20, நார்த் கரோலினாவில் போய் ஆட்டம். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். ஆனால் எதுவும் ஓடவில்லை. கடைசி நேரத்தில் ஸ்காட் சிஸ்ஸன் உதைத்த ஃபீல்டு கோலில் எப்படியோ 13-13. டிரா.

அந்தக் காலத்தில் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. 1996-லிருந்துதான் எல்லா ஆட்டத்துக்கும் அது வந்தது. டிரா என்றால் டிராதான். டீம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. தரவரிசையிலும் கீழே இறங்கினார்கள். "நாங்க எல்லாரும் அதைத் தோல்வின்னுதான் சொன்னோம். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு, இனி என்ன இருக்குன்னு பேசிக்கிட்டோம். நாங்க எவ்வளவு முட்டாள்னு ரெண்டரை மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்பார் அண்ணன்.

டியூக்கை 48-31 என்று ஜெயித்துவிட்டு, நவம்பர் 3 அன்று வர்ஜீனியா போனார்கள். அப்போது நாட்டிலேயே நம்பர் 1 வர்ஜீனியா. ஏழுக்கு ஏழு ஜெயித்திருந்தது. அதன் சரித்திரத்தில் அப்படி ஒரு இடம் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி யாரோ மைதானத்தில் புகுந்து செயற்கைப் புல்லின் ஒரு பகுதியைக் கொளுத்திவிட்டார்கள். ஆட்டமே நடக்குமா என்ற சந்தேகம். ராத்திரியோடு ராத்திரியாக வேறு துண்டு வைத்து ஒட்டி மைதானத்தைத் தயார் செய்தார்கள்.

இடைவேளையில் வர்ஜீனியா 28, டெக் 14. அண்ணனின் அபார்ட்மெண்ட்டில் டி.வி. முன்னால் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் எழுந்து சமைக்கப் போய்விட்டார்களாம். பிறகு டெக் துரத்தத் தொடங்கியது. சமன் செய்தது, முன்னே போனது. கடைசியில் டெக் 38, வர்ஜீனியா 35. வர்ஜீனியா கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து டச்டவுனே போட்டுவிட்டது. ஆனால் விதிமீறல் என்று அது ரத்து. வேறு வழியில்லாமல் ஃபீல்டு கோல் உதைத்தார்கள். 38-38. மிச்சம் இருப்பது இரண்டரை நிமிஷம்.

மறுபடி டிராவா? ஷான் ஜோன்ஸ் பதற்றமே இல்லாமல் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுபோனான். ஏழு விநாடி பாக்கி இருக்கும்போது 37 கஜத்திலிருந்து அதே ஸ்காட் சிஸ்ஸன் உதைத்தான். நேராகப் போனது. 41-38! அடுப்பில் வைத்த சாம்பார் அன்றைக்கு அடிப்பிடித்துப் போனதை அண்ணன் இன்றும் பெருமையாகச் சொல்வார்.

அதற்கடுத்த வாரம் வர்ஜீனியா டெக்கிடம் தடுமாறி 6-3. வேக் ஃபாரஸ்ட், 42-7. பரம வைரியான ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை 40-23. பிறகு 1991 ஜனவரி 1 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் சிட்ரஸ் பவுல் ஆட்டம். எதிரே நெப்ராஸ்கா. 45-21 என்று அடித்து முடித்தார்கள்.

11 வெற்றி. தோல்வி இல்லை. 1 டிரா. பெரிய கல்லூரிகளில் அந்த வருஷம் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஒரே டீம்.

ஐந்தாவது டவுன்

அப்படியென்றால் சாம்பியன் யார் என்பதில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் கல்லூரி ஃபுட்பாலில் இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு ஏ.பி. செய்தி நிறுவனத்தின் பெயரில் ஒரு பட்டியல். கோச்சுகள் ஓட்டுப் போட்டு யு.பி.ஐ. பெயரில் இன்னொரு பட்டியல். எதில் முதலிடம் வந்தாலும் சாம்பியன்தான். எலெக்ஷன் மாதிரி!

போட்டிக்கு நின்றது கொலராடோ. 11 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. ஜனவரி 1 ராத்திரி நோட்ர டாம் அணியை 10-9 என்று ஜெயித்திருந்தது. இவர்களும் நெப்ராஸ்காவை 27-12 என்று ஜெயித்தவர்கள்தான்.

ஆனால் அந்த 11 வெற்றியில் ஒன்று விசித்திரமானது. அக்டோபர் 6, மிசௌரியில் ஆட்டம். கடைசி விநாடிகளில் கொலராடோ 27-31 என்று பின்தங்கி, கோட்டுக்கு மிக அருகில். முதல் டவுனில் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார்கள். இரண்டாவதில் ஓடினார்கள், எட்டவில்லை. டைம் அவுட் கேட்டார்கள். அந்தக் குழப்பத்தில் எத்தனையாவது டவுன் என்று காட்டும் எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். மூன்றாவதிலும் ஓடி நிறுத்தப்பட்டார்கள். நாலாவதை மூன்றாவது என்று நினைத்து மறுபடி பந்தைத் தரையில் அடித்தார்கள். நியாயமாக அங்கேயே ஆட்டம் முடிந்தது. ஆனால் இன்னொரு வாய்ப்பு கொடுக்கப்பட்டது. ஐந்தாவது! அதில் டச்டவுன். 33-31. பிறகு நடுவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ரிசல்ட் மட்டும் மாறவில்லை.

எஞ்சினீயர் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு. ஆட்டக்காரர்கள், கோச்சுகள், ஏழு நடுவர்கள், கேலரியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். அத்தனை பேரும் இருந்தும், ஒரு இண்டிகேட்டர் மாறவில்லை என்பதால் ஆட்டத்தின் முடிவே மாறிவிட்டது. கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

ஓட்டு எண்ணினார்கள். பத்திரிகையாளர்கள் பட்டியலில் கொலராடோ முதலிடம். கோச்சுகள் பட்டியலில் ஜார்ஜியா டெக் 847, கொலராடோ 846.

ஒரே ஒரு புள்ளி!

ஒரு கோச் எங்கோ உட்கார்ந்து தன் பட்டியலில் ஒரு இடம் மாற்றி எழுதியிருந்தால் போயிருக்கும். நார்த் கரோலினாவில் கடைசி நேரத்தில் சிஸ்ஸன் உதைத்த அந்த உதை, எல்லாரும் தோல்வி என்று சொன்ன அந்த டிரா, அது மட்டும் நிஜமான தோல்வியாக இருந்திருந்தால் இந்த ஒரு புள்ளி எங்கே? வர்ஜீனியாவில் உதைத்த 37 கஜ உதையை எல்லாரும் கொண்டாடுவார்கள். நான் அந்த டிரா உதைக்குத்தான் மாலை போடுவேன். ஜெயிக்க முடியாத நாளில் தோற்காமல் இருந்தார்களே, அது சாதாரண விஷயம் இல்லை.

இனி இப்படி ஒரு சீசன் வரவே முடியாது. கோச்சுகள் பட்டியலை யு.பி.ஐ. நடத்தியது அந்த வருஷத்தோடு சரி. 1998-லிருந்து முதல் இரண்டு அணிகளை மோத வைக்கும் ஏற்பாடு வந்தது. 2014-லிருந்து நாலு அணிகளின் பிளே ஆஃப். 2024-லிருந்து 12 அணிகள். டிரா ஒழிந்தது, ஓட்டுச் சாம்பியனும் ஒழிந்தது. பாபி ராஸ் 1991 சீசன் முடிந்ததும் தொழில்முறை ஃபுட்பாலுக்குப் போய், சான் டியேகோ அணியை 1995 ஜனவரியில் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். ஜார்ஜியா டெக்குக்கு அதற்குப் பிறகு தேசியப் பட்டம் கிடைக்கவில்லை.

என்னுடைய 3-9

இதெல்லாம் சரி, இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

நான் போன வருஷம், 2014-ல், டெக் 11-3. ஆரஞ்ச் பவுலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று ஜெயித்தார்கள். எனக்கும் நல்ல மார்க். நம்ம ராசிதான் என்று நினைத்துக்கொண்டேன். 2015-ல் எல்லாம் தலைகீழ். டீம் 3 வெற்றி, 9 தோல்வி. எனக்கு லேபில் போர்டு போர்டாக எரிந்தது. டிசம்பரில் படிப்பு முடிகிறது, கையில் வேலை இல்லை. விசா விதிப்படி படிப்பு முடிந்து வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். விண்ணப்பம் போட்டுப் போட்டு எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். வீட்டில் வாங்கிய எஜுகேஷன் லோனை நினைத்தால் சோறு இறங்காது. அப்பா போனில் "என்னப்பா, ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்பார். "பார்த்துக்கிட்டிருக்கேன்பா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

அந்த சீசனில் அக்டோபர் 24 அன்று ஃபுளோரிடா ஸ்டேட் வந்தது. அது அதுவரை தோற்காத டீம். நாங்கள் தொடர்ந்து ஐந்து தோல்வி. அண்ணன் இழுத்துக்கொண்டு போனார். 16-16. கடைசி விநாடிகளில் எதிரணி 56 கஜத்திலிருந்து உதைத்த பந்தை நம்ம பையன் ஒருவன் கையை நீட்டித் தடுத்தான். அது உருண்டு போனது. லான்ஸ் ஆஸ்டின் என்ற பையன் அதை எடுத்து 78 கஜம் ஓடினான். கடிகாரம் பூஜ்யம். 22-16. மொத்த ஸ்டேடியமும் மைதானத்துக்குள் குதித்தது. நானும் குதித்தேன். பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாலு ஆட்டத்திலும் தோற்றார்கள்!

சீசன் முடிந்து, ஒரு ராத்திரி அண்ணன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து புலம்பினேன். "1990 கதையைச் சொல்லித் தேத்தாதீங்கண்ணே. எல்லாருக்கும் 1990 வராது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வராதுதான். நான் 1990-ஐச் சொல்ல வரலை, 1988-ஐச் சொல்ல வர்றேன். அந்த வருஷம் 3-8. ஆனா அதுல ஒரு சனிக்கிழமை, நாட்டிலேயே எட்டாவது இடத்துல இருந்த சவுத் கரோலினாவை 34-0-ன்னு அடிச்சாங்க. அந்த டீம்ல கடைசி வருஷம் படிச்ச பசங்களுக்கு அதோட ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மோதிரம், படம், பரேடு எதுவும் அவங்களுக்குக் கிடையாது. ஆனா 90-ல ஜெயிச்ச பெரிய பசங்க, சின்னப் பசங்களா வந்து சேர்ந்தப்போ, தோத்துக்கிட்டே இருந்தாலும் திங்கக்கிழமை பிராக்டிஸுக்கு வரணும்னு கத்துக்கொடுத்தது யாரு? அவங்கதானே?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

கதை சினிமா மாதிரி முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி முடியவில்லை. 90 நாள் முடிவதற்குள் வேலை கிடைக்கவில்லை, ஊர் திரும்பினேன். லோனை அடைக்க ஆறு வருஷம் ஆனது. இங்கே ஒரு சின்னக் கம்பெனியில் இன்வர்ட்டர் டிசைன் செய்கிறேன். எனக்குக் கீழே இப்போது நாலு பையன்கள், இரண்டு பெண்கள். முதல் போர்டு எரிந்து, முகம் வெளுத்துப்போய் வந்து நிற்பார்கள். "எரியட்டும். ஏன் எரிஞ்சுதுன்னு எழுதி வை. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடு" என்பேன். அட்லாண்டாவிலிருந்து நான் கொண்டுவந்த டெக்னாலஜி அதுதான்.

இந்த மலரைப் படிக்கும் இப்போதைய மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு அரியர் வைத்திருப்பவன், மூன்று கேம்பஸ் இன்டர்வியூவில் வெளியே வந்தவன், வீட்டுக்குப் போன் செய்யத் தயங்குகிறவன், உங்களுக்கெல்லாம் 1990 நிச்சயம் வரும் என்று நான் கேரண்டி தர முடியாது. நான் ஜோசியக்காரன் இல்லை. ஆனால் 13-13 என்று முடிகிற நாளைத் தோல்வி என்று எழுதி வைத்துவிடாதீர்கள். அந்த ஒரு புள்ளி எங்கே போய் எண்ணப்படும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று. நம்ம காலேஜுக்கு இன்று நல்ல பேர், புது பிளாக், பெரிய கம்பெனிகள் வருகின்றன. கட்டடம் முடியாமல், லேப் சாமான் வராமல், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படித்து, ஒரு கம்பெனியும் வராமல் தாங்களே வேலை தேடிப் போன முதல் சில பேட்ச்கள் நம்மில் இருக்கிறார்கள். ரீயூனியனில் அவர்கள் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். இந்தத் தடவை அவர்களை மேடைக்குக் கூப்பிடுங்கள். நம்ம காலேஜின் 1988 டீம் அவர்கள்தான்.

மற்றபடி, ஹாஸ்டல் பின்னாடி மைதானம் இன்னும் இருக்கிறதாம். ரீயூனியன் அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாருங்கள். நம்ம ஃபுட்பால்தான், உருண்டைப் பந்து. செருப்பு நான் கொண்டுவருகிறேன், கோல் போஸ்ட்டுக்கு. டிராவில் முடிந்தாலும் சந்தோஷமே!